ஐம்பதிலிருந்து எழுபத்தைந்துக்கு: அயர்லாந்து மின்தொகுப்பில் ஓர் ஆராய்ச்சியின் பயணம்

2003 டிசம்பரில் அயர்லாந்தின் மின்தொகுப்பை இயக்கிவந்த நிறுவனம் தன் ஒழுங்குமுறை ஆணையத்திடம் ஒரு வேண்டுகோள் வைத்தது: புதிய காற்றாலைகளுக்கு இணைப்பு வழங்குவதை நிறுத்திவைக்க வேண்டும். ஆணையமும் இசைந்தது. அட்லாண்டிக் காற்று ஓயாமல் வந்து மோதும் தீவு அது. காற்றாலை அமைக்க முதலீட்டாளர்கள் காத்திருந்தார்கள். எங்காவது ஒரு மின்பாதையில் பழுது ஏற்பட்டு, மின்னழுத்தம் கண நேரம் சரிந்தால் இந்தக் காற்றாலைகள் தொகுப்போடு ஒட்டி நிற்குமா, மொத்தமாகக் கழன்றுகொள்ளுமா? அந்தக் கேள்விக்கு அன்று உறுதியான பதில் சொல்ல ஆளில்லை. கணினியில் சோதித்துப் பார்க்கலாம் என்றால், காற்றாலைகளின் நடத்தையைச் சொல்லும் நம்பகமான கணித மாதிரிகளும் கையில் இல்லை. அடுத்த ஆண்டு காற்றாலைகளுக்கெனத் தனி இணைப்பு விதிகள் வகுக்கப்பட்ட பிறகுதான் கதவு மீண்டும் திறந்தது.

அதே தீவு 2022-இல், எந்த ஒரு கணத்திலும் மின்தேவையில் 75 சதவீதம் வரை காற்றாலை, சூரிய ஒளி போன்ற மூலங்களிலிருந்து வரலாம் என்று தன் இயக்க விதியை மாற்றியது. தடையிலிருந்து 75 சதவீதம் வரை வந்து சேர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. அந்த இருபது ஆண்டுகளில் நடந்ததே இக்கட்டுரையின் பொருள். அதன் மையத்தில் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் மின்சார ஆராய்ச்சி மையமும் அதை நெடுங்காலம் வழிநடத்திய மார்க் ஓமேலியும் இருக்கிறார்கள். பின்னாளில் அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்துக்கும், பிறகு லண்டன் இம்பீரியல் கல்லூரிக்கும் சென்ற மின்பொறியியல் அறிஞர் இவர். புதுப்பிக்கத்தக்க ஆற்றலை மின்தொகுப்பில் இணைப்பது பற்றிப் பேசும் எவரும் அவருடைய ஆய்வுக் குழுவைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது.

சிக்கல் எங்கே இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். அனல், நீர், அணு என எந்த மின்நிலையமாக இருந்தாலும் அங்கே பல டன் எடையுள்ள ஜெனரேட்டர் ஒன்று சுழல்கிறது. தொகுப்பில் உள்ள எல்லா ஜெனரேட்டர்களும் காந்தப் பிணைப்பால் ஒரே தாளத்தில், வினாடிக்கு 50 சுற்று என்ற அதிர்வெண்ணோடு ஒத்திசைந்து ஓடுகின்றன. திடீரென்று ஒரு மின்நிலையம் நின்றுபோனால் தேவைக்கும் உற்பத்திக்கும் இடையே பள்ளம் விழுகிறது. மற்ற நிலையங்கள் நீராவியைக் கூட்டி, எரிவாயுவைக் கூட்டி அந்தப் பள்ளத்தை நிரப்பச் சில வினாடிகள் ஆகும். அந்த இடைவெளியைத் தாங்குவது சுழலும் எடை. சுவிட்சை அணைத்த பிறகும் மாவரைக்கும் கிரைண்டர் சில சுற்று சுற்றிவிட்டு நிற்பதைப் போல, அந்த எடைகள் தங்கள் வேகத்தைச் சற்றே இழந்து, இழந்ததை மின்சாரமாகத் தருகின்றன. இதுதான் நிலைமம். இதை யாரும் வடிவமைத்துச் சேர்க்கவில்லை. பெரிய இயந்திரங்களைச் சுழற்றினால் தானாகக் கிடைத்துவந்த இலவசப் பாதுகாப்பு அது.

இன்றைய காற்றாலையும் சூரியத் தகடும் மின்னணுக் கருவிகள் வழியாக இணைகின்றன. காற்றாலையின் இறக்கை சுழலத்தான் செய்கிறது. ஆனால் அதன் வேகத்துக்கும் தொகுப்பின் அதிர்வெண்ணுக்கும் இடையே அந்த மின்னணுச் சுவர் நிற்கிறது. தொகுப்பு தடுமாறும்போது அந்தத் தடுமாற்றம் இறக்கைக்குத் தெரியாது. ஆகவே காற்றாலை மின்சாரம் கூடக்கூட, அனல்நிலையங்கள் அணைக்கப்பட அணைக்கப்பட, தொகுப்பில் மின்சாரம் குறையாமலே அதன் தாங்கும் சக்தி மட்டும் குறைகிறது. ஆலன் மலேனும் ஓமேலியும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தைத் துல்லியமாகத் தொட்டது. பழைய வகைத் தூண்டல் ஜெனரேட்டர் பொருத்திய காற்றாலைகள் ஓரளவு நிலைமம் தருகின்றன. மின்னணுக் கட்டுப்பாடு கொண்ட புதிய வகைகள், அதற்கென்று தனிக் கட்டுப்பாட்டைச் சேர்த்தாலொழிய, தருவதில்லை. காற்றாலை என்று பொதுவாகப் பேசாமல் எந்த வகைக் காற்றாலை என்று கேட்கப் பழக்கியது இந்த வரிசை ஆய்வுகள்தான்.

அயர்லாந்துக்கு இது ஏன் மற்றவர்களுக்கு முன்பே வந்த நெருக்கடி? தீவு முழுவதற்கும், அதாவது குடியரசும் வட அயர்லாந்தும் சேர்ந்து, உச்சத் தேவை 2010-களில் ஏறத்தாழ 6,500 மெகாவாட். தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2024 மே மாதம் 20,800 மெகாவாட்டைத் தாண்டியதை நினைத்துப் பார்த்தால் அளவு புரியும். கோடை நள்ளிரவில் அந்தத் தேவை 3,000 மெகாவாட்டுக்கும் கீழே இறங்கும். பிரிட்டனோடு இணைக்கும் கடலடிக் கேபிள்கள் உண்டு. 2012-இல் இயங்கத் தொடங்கிய கிழக்கு-மேற்கு இணைப்பு 500 மெகாவாட் கொண்டது. ஆனால் அவை நேர்திசை மின்சாரக் கேபிள்கள். மின்சாரத்தைக் கடத்துமே தவிர நிலைமத்தைக் கடத்தாது. டென்மார்க்கில் காற்றாலை மின்சாரத்தின் பங்கு அயர்லாந்தைவிட அதிகம் என்று அடிக்கடி சொல்லப்படுவது உண்மை. ஆனால் டென்மார்க்கின் மேற்குப் பகுதி ஐரோப்பாக் கண்டத்தின் பெருந்தொகுப்போடு ஒத்திசைந்து ஓடுகிறது. ஜெர்மனியும் பிரான்சும் அதற்குத் தோள் கொடுக்கின்றன. அயர்லாந்துக்கு அந்தத் தோள் இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஆராய்ச்சியாளர்களின் கவலை எவ்வளவு நியாயமானது என்று தெரியும். தீவின் சுழலும் எடைகளில் குறைந்தது 23,000 மெகாவாட்-வினாடி இயக்க ஆற்றல் எப்போதும் இருக்க வேண்டும் என்று இயக்குநர்கள் வைத்திருந்தார்கள். வீட்டு மீட்டரின் மொழியில் அது ஏறத்தாழ 6,400 யூனிட். மாதம் 200 யூனிட் செலவழிக்கும் மூன்று வீடுகளின் ஓராண்டு மின்சாரத்தைவிடக் குறைவு. ஒரு தீவை முதல் சில வினாடிகள் தாங்கிப் பிடிப்பது அவ்வளவுதான். 500 மெகாவாட் கடலடி இணைப்பு அறுந்தால், இந்த அளவு நிலைமத்தோடு அதிர்வெண் வினாடிக்கு 0.54 ஹெர்ட்ஸ் வேகத்தில் சரியத் தொடங்கும். அயர்லாந்தில் அன்றிருந்த தாங்கு வரம்பு வினாடிக்கு 0.5 ஹெர்ட்ஸ். வரம்பு ஏற்கெனவே சற்றே மீறப்பட்டுவிட்டது. இன்னும் ஓர் அனல்நிலையத்தை அணைத்துக் காற்றாலைக்கு இடம் கொடுத்தால் சரிவு இன்னும் வேகமெடுக்கும்.

இங்கேதான் டப்ளின் ஆய்வாளர்களுடைய ஆராய்ச்சியின் சிறப்பை நான் பார்க்கிறேன். "எவ்வளவு காற்றாலையைத் தொகுப்பு தாங்கும்?" என்று பல நாடுகளில் பல்லாண்டு விவாதம் நடந்திருக்கிறது. ஒரு தரப்பு பத்து சதவீதம் தாண்டினால் இருண்டுபோகும் என்று பயமுறுத்தும். மறுதரப்பு நூறு சதவீதம் நாளைக்கே சாத்தியம் என்று சொல்லும். அயர்லாந்து ஆய்வாளர்கள் அந்த விவாதத்தை அளவிடக்கூடிய ஒரு விகிதமாக மாற்றினார்கள். ஒரு குறிப்பிட்ட கணத்தில் காற்று, சூரியன், நேர்திசைக் கேபிள் இறக்குமதி ஆகியவற்றின் கூட்டுத்தொகையை மேலே வை. உள்நாட்டுத் தேவையையும் ஏற்றுமதியையும் கூட்டிக் கீழே வை. வகுத்தால் வருவது ஒத்திசையா மின்சாரத்தின் பங்கு. எஸ்.என்.எஸ்.பி. என்று அதை அழைக்கிறார்கள். 2010-இல் வெளியான ஆய்வுகள், அன்றைய நிலையில் இந்த விகிதம் 50 சதவீதம் வரை பாதுகாப்பு என்றும், குறிப்பிட்ட சில சீர்திருத்தங்களைச் செய்தால் 75 சதவீதம் வரை போகலாம் என்றும் கண்டன. இதன் கணித அடிப்படையை விரிவாக முன்வைத்த 2014-ஆம் ஆண்டுக் கட்டுரையில் தொகுப்பை இயக்கும் பொறியாளர் ஜான் ஓசல்லிவனும் பல்கலைக்கழகத்தின் டேமியன் ஃப்ளினும் மலேனும் ஓமேலியும் சேர்ந்தே கையெழுத்திட்டிருக்கிறார்கள். கட்டுப்பாட்டறையில் இருப்பவரும் கரும்பலகை முன் நிற்பவரும் ஒரே கட்டுரையை எழுதுவது சிறிய செய்தியல்ல. ஆராய்ச்சி சொன்ன எண் நேரடியாக இயக்க விதியாக மாறியதற்கு இந்த நெருக்கமே காரணம் என்று கருதுகிறேன்.

இன்னொரு தொடர் ஆய்வும் கவனத்துக்குரியது. ரோனன் டோஹர்டியும் ஓமேலியும் 2005-இல், காற்றாலைக்காக எவ்வளவு கையிருப்பு மின்உற்பத்தியைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று புதிய முறையில் கணக்கிட்டார்கள். காற்றைத் தனிக் குற்றவாளியாக நிறுத்தாமல், மின்நிலையம் பழுதாகும் வாய்ப்பு, தேவைக் கணிப்பில் பிழை, காற்றுக் கணிப்பில் பிழை மூன்றையும் சேர்த்து நிகழ்தகவாக எடைபோட்டார்கள். முதல் சில நிமிடங்களுக்குக் காற்றால் கூடும் சுமை சொற்பம். அங்கே ஆபத்து பெரிய மின்நிலையம் ஒன்று நின்றுபோவதுதான். மணிக்கணக்கில் முன்னோக்கிப் பார்க்கும்போதுதான் காற்றுக் கணிப்பின் பிழை பெரிதாகிறது. காற்று நின்றால் மறுவினாடி விளக்கு அணையும் என்ற பொது நம்பிக்கை தவறு என்று இதிலிருந்தே தெரியும். நூற்றுக்கணக்கான காற்றாலைகள் ஒரே வினாடியில் நிற்பது காற்றால் நடக்காது. மின்னணு அமைப்பில் பொதிந்த ஒரு தவறான எண்ணால் நடக்கும். அதற்குப் பிறகு வருகிறேன்.

50-ஐ 75 ஆக்கும் வேலைக்கு 2011-இல் டி.எஸ்.3 என்ற திட்டம் தொடங்கியது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வியப்பு தரும் உண்மை ஒன்று உண்டு: அதில் மிகவும் இழுபறியான பகுதி காற்றாலைகளைப் பற்றியதே அல்ல. அதிர்வெண் சரியும் வேகத்தின் வரம்பை வினாடிக்கு 0.5 ஹெர்ட்ஸிலிருந்து 1 ஹெர்ட்ஸாக உயர்த்த வேண்டும் என்று ஆய்வுகள் கூறின. உயர்த்தினால் அதே 500 மெகாவாட் இழப்பை, கணக்குப்படி, ஏறத்தாழ பாதி நிலைமத்தோடே சமாளிக்க முடியும். ஆனால் அந்த வேகத்தில் தங்கள் அச்சுகள் முறுக்கப்படுமா, எரிவாயு டர்பைனின் சுடர் அணையுமா என்று பழைய அனல்நிலையங்களின் உரிமையாளர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். பல பத்தாண்டுகள் ஓடிய இயந்திரங்களின் உண்மையான தாங்குதிறன் என்னவென்று அவர்களுக்கே எழுத்துப்பூர்வமாகத் தெரியாது. 2014-இல் ஒழுங்குமுறை ஆணையம் கொள்கையளவில் ஒப்புதல் தந்து, ஒவ்வொரு நிலையமும் தன்னைத் தானே ஆய்ந்து அறிக்கை தரக் காலக்கெடு வைத்தது. கூடவே, பகிர்மானக் கம்பிகளில் இணைந்திருந்த காற்றாலைகளின் காப்பு ரிலேக்களில் பழைய வரம்புக்கேற்ப அமைத்திருந்த எண்களை இடம் இடமாகப் போய் மாற்ற வேண்டியிருந்தது. பெருமையில்லாத, புகைப்படம் எடுக்க எதுவுமில்லாத வேலை. அந்த வேலை நடந்ததால்தான் விகிதம் நகர்ந்தது.

நகர்ந்த விதமும் முக்கியம். 50-லிருந்து 55, பிறகு 60, 2018-இல் 65, 2021-இல் சோதனையாக 70, பிறகு 75. ஒவ்வொரு படியிலும் மாதக்கணக்கில் சோதனை ஓட்டம். பதிவுகளை ஆராய்ந்த பின்னரே நிரந்தர ஒப்புதல். இடையில் பணத்தின் விதியையும் மாற்றினார்கள். உற்பத்தியாகும் யூனிட்டுக்கு மட்டும் விலை கொடுத்தால் நிலைமத்தை யார் தருவார்கள்? ஆகவே தொகுப்பைத் தாங்கும் சேவைகளை ஏழிலிருந்து பதினான்காக விரித்து ஒவ்வொன்றுக்கும் விலை வைத்தார்கள். இரண்டு வினாடிக்குள் மின்சாரம் தருவதற்கு ஒரு விலை, சுழலும் எடையைத் தருவதற்கு ஒரு விலை. ஷானன் நதி முகத்துவாரத்தில் உள்ள மனிபாயிண்ட், அயர்லாந்தின் மிகப்பெரிய நிலக்கரி மின்நிலையமாக இருந்தது. அதே வளாகத்தில் 2022-இல், எந்த எரிபொருளையும் எரிக்காமல் சுழன்றுகொண்டே நிலைமம் மட்டும் தரும் பிரம்மாண்டமான சுழல்சக்கரத்தோடு கூடிய இயந்திரம் நிறுவப்பட்டது. 2025 ஜூனில் அங்கே நிலக்கரி எரிப்பது நின்றது. நிலக்கரி தந்த இரண்டு பொருள்களில் ஒன்றான ஆற்றலைக் காற்று தருகிறது. மற்றொன்றான எடையை இந்தச் சக்கரம் தருகிறது.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று இதைப் படித்துவிடக் கூடாது. 2020-இல் தீவின் காற்றாலைகள் தரக்கூடிய மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்று மேல் வீணடிக்கப்பட்டது. காற்று அதிகம் வீசும் வடமேற்கில் மின்பாதைகள் மெலிந்தவை; புதிய பாதைகளுக்கு ஊர்மக்கள் எதிர்ப்பு உண்டு. தரவு மையங்கள் வேறு. 2015-இல் அயர்லாந்தின் மின்நுகர்வில் 5 சதவீதமாக இருந்த அவற்றின் பங்கு 2023-இல் 21 சதவீதமானது. காற்றால் சேர்ந்ததில் கணிசமான பகுதியை அவை விழுங்கிவிட்டன. இதை எந்த மின்பொறியியல் சமன்பாடும் சரிசெய்யாது. அது அரசு எடுக்க வேண்டிய முடிவு.

பின்னர் வருகிறேன் என்று சொன்ன எண்ணுக்கு வருவோம். 2016 செப்டம்பர் 28 மாலை தெற்கு ஆஸ்திரேலியாவில் சூறைச்சுழல்கள் மின்கோபுரங்களைச் சாய்த்தன. இரண்டு நிமிடங்களுக்குள் ஆறு முறை மின்னழுத்தம் சரிந்தது. ஒன்பது காற்றாலைப் பண்ணைகள் ஏழு வினாடிக்குள் 456 மெகாவாட்டைக் குறைத்தன. அண்டை மாநிலத்திலிருந்து வந்த இணைப்பின் மேல் சுமை ஏறி அதுவும் துண்டிக்கப்பட, மாநிலம் முழுவதும், 8,50,000 இணைப்புகள், இருளில் மூழ்கின. காற்று போதவில்லை என்று அரசியல்வாதிகள் பேசினார்கள். விசாரணை கண்டது வேறு. குறிப்பிட்ட நேரத்துக்குள் இத்தனை தடவைக்கு மேல் மின்னழுத்தச் சரிவைத் தாங்க வேண்டாம் என்று அந்தக் காற்றாலைகளின் கட்டுப்பாட்டில் ஓர் எண் பொதிந்திருந்தது. தொகுப்பை இயக்கியவர்களுக்கு அந்த எண் இருப்பதே தெரியாது. எண்ணை மாற்றிய பிறகு அதே காற்றாலைகள் அதிகச் சரிவுகளைத் தாங்கின. 2025 ஏப்ரல் 28-இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டபோது கோளாறு எதிர்த்திசையிலிருந்து வந்தது: மின்னழுத்தம் கட்டுமீறி உயர்ந்தது. ஸ்பெயினின் பழைய விதிகளின்படி புதுப்பிக்கத்தக்க மின்நிலையங்கள் மாறாத ஒரு திறன் காரணியில் (பவர் ஃபேக்டர்) ஓடினவே தவிர, மின்னழுத்தத்தை அடக்கும் பொறுப்பு அவற்றுக்குத் தரப்படவில்லை. அவற்றால் முடியும், யாரும் கேட்கவில்லை. 2003-இல் அயர்லாந்து இணைப்பை நிறுத்திவைத்துக் கேட்டது இந்த வகைக் கேள்வியைத்தான் என்பதை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளலாம். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, மாதிரிகளைக் கொடு என்று உற்பத்தியாளர்களிடம் அன்று கேட்டது பின்னடைவாகத் தோன்றியிருக்கும். எனக்கு அது அந்த நாட்டின் மின்துறை எடுத்த மிகச் சிறந்த முடிவுகளில் ஒன்று.

தமிழ்நாட்டு வாசகருக்கு இந்த வரலாறு வெறும் அயல்நாட்டுச் செய்தியல்ல. 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் தொடங்கிய காற்றாலைப் பயணம், ஆரல்வாய்மொழி, கயத்தாறு, உடுமலை, கம்பம் பகுதிகள் வழியே இன்று 11,000 மெகாவாட்டைத் தாண்டியிருக்கிறது. அயர்லாந்து போல நாம் தனித்தீவு அல்ல; 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்-சோலாப்பூர் பாதை வழியாகத் தென்மண்டலம் இந்தியப் பெருந்தொகுப்போடு ஒத்திசைந்தது. ஆகவே நிலைமப் பற்றாக்குறை இன்று நம் முதல் கவலை இல்லை. நம் கவலை மின்னழுத்தம், மின்பாதை, பழைய இயந்திரங்கள். முப்பந்தல் பக்கத்துப் பழைய தூண்டல் ஜெனரேட்டர்கள் மின்னழுத்தத்தைத் தாங்க உதவும் ரியாக்டிவ் பவரைத் தொகுப்பிலிருந்து இழுப்பவை. மின்னழுத்தச் சரிவைத் தாங்கும் வசதி இல்லாதவை அவற்றில் ஏராளம்.

ஆனால் அயர்லாந்திடமிருந்து எடுக்க வேண்டியது தொழில்நுட்பத்தைவிட அந்த வெளிப்படையான எண்தான். 2021 ஆகஸ்டில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தமிழ்நாட்டில் சூரிய மின்நிலையங்களின் உற்பத்தியைக் குறைக்கச் சொன்னது பற்றிய வழக்கில் தீர்ப்பளித்தது. தேசியத் தொகுப்பை இயக்கும் நிறுவனத்தின் பகுப்பாய்வை வைத்துப் பார்த்தபோது, பெரும்பாலான குறைப்புக்குத் தொகுப்பின் பாதுகாப்பு காரணமாக இல்லை என்று கண்டு, இழப்பீடு தரச் சொன்னது. பாதுகாப்பு என்ற காரணத்தை அன்றன்றே சரிபார்க்கும் வழி இருந்திருந்தால் அது தீர்ப்பாயம் வரை போகத் தேவையிருந்திருக்காது. டப்ளினில் காற்றாலையை நிறுத்தச் சொன்னால் எந்த வரம்பை மீறியதால் என்று கேட்கலாம், பதிலை எண்ணோடு ஒப்பிடலாம்.

ஆகவே என் வேண்டுகோள் இது. பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கத் தமிழ்நாடு அரசு 2024-இல் கொள்கை வெளியிட்டிருக்கிறது. அந்த மாற்றம் நடக்கும்போதே, ஒவ்வொரு புதிய இயந்திரத்தின் கணித மாதிரியும் காப்பு அமைப்பின் எண்களும் மாநிலச் சுமை பகிர்வு மையத்தின் கையில் இருக்கும்படி இணைப்பு ஒப்பந்தம் எழுதப்பட வேண்டும். பள்ளிக்கரணையில் தலைமையிடமும் கயத்தாறில் சோதனை நிலையமும் கொண்ட தேசிய காற்றாற்றல் நிறுவனம், நம் பல்கலைக்கழகங்களின் மின்பொறியியல் துறைகள், சுமை பகிர்வு மையத்தின் பொறியாளர்கள் மூவரும் சேர்ந்து, மே முதல் செப்டம்பர் வரையிலான காற்றுப் பருவத்தில் ஒவ்வொரு துணை மின்நிலையப் பகுதியும் எவ்வளவு தாங்கும் என்ற வரம்பைக் கணக்கிட்டு, அதை ஆண்டுதோறும் பொதுமக்கள் பார்க்க வெளியிட வேண்டும்.